பலவேசம் முன்னே நின்று நடத்திய நிச்சயதார்த்தம்

ஏறாங்குளத்துக்காரர்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் ஒரு குறை மட்டும் சொல்ல முடியாது. பெரியவர்கள் பேச்சை அவர்கள் தட்டியதே இல்லை. சின்னவர்கள் பேச்சையும் தட்டியதில்லை. போகிற போக்கில் யாரோ யாருக்கோ சொன்னது காதில் விழுந்தாலும், அதையும் ஒரு வார்த்தை பிசகாமல் செய்து முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். இவ்வளவு கீழ்ப்படிதல் உள்ள ஊரில் உருப்படியாக ஏன் எதுவும் நடப்பதில்லை என்று கேட்டால், அதுதான் அவர்களுக்கும் புரியவில்லை.

அந்த ஊரில் பலவேசம் என்று ஒருவர். இரண்டு ஏக்கர் வாழை, ஒரு மனைவி, ஒரு மகள். மனைவி உலகம்மாள் பக்கத்து ஊர்க்காரி என்பதால் புத்தி உள்ளவள். மகள் பொன்மாரிக்கு அம்மாவின் புத்தி அப்படியே வந்திருந்தது. தையல் மெஷின் வைத்து நாலு ஊருக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்தொன்பது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை.

முதல் வரன் வந்த அன்று உலகம்மாள் கணவரிடம், "அவங்க முன்னால நீங்க வாயத் திறக்காதிய" என்று சொல்லிவைத்தாள். பலவேசம் காபி குடிக்கக்கூட வாயைத் திறக்கவில்லை. பெண்ணின் அப்பா ஊமை, நாளைக்குப் பிள்ளைகளுக்கும் வரும் என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இரண்டாவது வரன் வந்தபோது, "இந்தத் தடவையாவது அவருக்குக் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசுங்க" என்றாள். பலவேசம் மாப்பிள்ளையின் அப்பா முகத்தோடு தன் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு அரை மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார். மூன்றாவது வரனைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

நாலாவதாக வந்தவன் பனையடிக்குளம் வண்ணமுத்துவின் மகன் வேம்புராஜ். உப்பளத்தில் மேஸ்திரி. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பொன்மாரியைப் பார்த்திருக்கிறான். அவள் இலையில் உப்பு வைக்காமல் போய்விட்டார்கள் என்று தானே எழுந்து போய் எடுத்துவந்து வைத்திருக்கிறான். உப்பளத்துக்காரன் உப்பு வைத்ததில் என்ன அதிசயம் என்று பலவேசத்துக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வந்தபோது மகளின் முகம் மலர்ந்ததை அவர் பார்த்துவிட்டார். இந்த வரனும் கலைந்தால் அது தன்னால்தான் இருக்கும் என்று முதல் தடவையாக அவருக்கே தோன்றியது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்தார்.

"வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுல தட்டு மாறிரணும். தவறிச்சுன்னா ஆறு மாசத்துக்கு நாள் கிடையாது. காரியம் நல்லபடியா நடக்கணும்னா, பலவேசம், நீருதான் முன்ன நின்னு நடத்தணும்."

ஆறு மாதம் காத்திருக்க மாப்பிள்ளை வீட்டில் தயாராக இல்லை. அரிசி ஆலைக்காரர் ஒருவர் தன் பெண்ணுக்கு அதே பையனைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார்.

தட்டு மாற்ற ஆண்கள் ஐந்து பேர் போக வேண்டும், பெண்கள் போகக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் ஏறாங்குளத்துக்கு வந்ததே இல்லை என்று தெரிகிறது.

வியாழக்கிழமை காலை உலகம்மாள் வெற்றிலை, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் வைத்த தட்டைக் கணவர் கையில் கொடுத்தாள். ஆறேழு புத்திமதி சொல்ல வாயெடுத்தாள். பழைய அனுபவங்கள் நினைவுக்கு வர, இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

"நாலு பேரையும் மறக்காம கையோட கூட்டிக்கிட்டுப் போங்க. பேச்சு முடியுத வரைக்கும் கை நனைச்சிராதிய."

பேச்சு முடிவதற்குமுன் அந்த வீட்டில் சாப்பிட்டுவிடக் கூடாது என்பது அவள் சொன்னதன் அர்த்தம். அதை விளக்கிச் சொல்லியிருக்கலாம். அவளும் மனுஷிதானே.

பொன்மாரி மெஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூல் இல்லாமலே மிதித்துக்கொண்டிருந்தாள்.

பலவேசத்தோடு புறப்பட்ட நாலு பேரில் முதலாவது, உலகம்மாளின் தம்பி கொம்பையா. ஏறாங்குளத்திலேயே வாக்கப்பட்டு, அதாவது அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி அங்கேயே தங்கிவிட்டதால், கொண்டுவந்த புத்தியை எங்கோ தொலைத்துவிட்டவர். மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் வைத்திருந்ததால் ஊருக்கு யோசனை சொல்லும் பொறுப்பு அவருடையது. அடுத்து ஐயம்பெருமாள். பெயருக்கு ஏற்றபடி, விடிந்தால் விடிந்ததா என்றே சந்தேகப்படுகிறவர். கடைசி இரண்டு பேர் தளவாயும் அவர் தம்பி சின்னத் தளவாயும். யார் எது சொன்னாலும் முன்னவர் "சரிதான்" என்பார். பின்னவர் "அதான் சரி" என்பார்.

பஸ் வந்து நின்றது. பனையடிக்குளத்துக்கு இருபது நிமிடப் பயணம்.

"ஏறாதிய," என்றார் பலவேசம். "காரியம் நடக்கணும்னு ஜோசியர் சொல்லிருக்காரு. பஸ்ஸுல போனா எப்படி நடக்கும்?"

"சரிதான்."

"அதான் சரி."

பஸ் போய்விட்டது. வயல் வழியாக ஆறு மைல். மணி எட்டுகூட ஆகவில்லை, தாராளமாகப் போய்விடலாம் என்று கிளம்பினார்கள். உலகம்மாள் சொன்னபடி ஐவரும் கைகோத்துக்கொண்டார்கள். முன்னால் பலவேசம், ஒரு கையில் தட்டு, மறு கையில் கொம்பையாவின் கை. அவர் கையில் ஐயம்பெருமாள், அப்புறம் தளவாய், வால் நுனியில் சின்னத் தளவாய்.

பத்து அடி போவதற்குள் ஐயம்பெருமாள் நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, ஜோசியர் முன்ன நின்னு நடத்தணும்னு சொன்னாரா, முன்ன நடந்து நடத்தணும்னு சொன்னாரா?"

"முன்ன நின்னுன்னுதான் சொன்னாரு."

"நீங்க நடக்கிய."

பலவேசத்துக்குத் திக்கென்றது. நின்றால் நடக்க முடியாது. நடந்தால் நின்றதாகாது. மகளின் வாழ்க்கை இந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறதே என்று மச்சானைப் பார்த்தார். கொம்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைப்பதற்காகத் தன் கையோடு பலவேசத்தின் கையையும் சேர்த்துத் தூக்கவேண்டியிருந்தது.

"பத்து அடி நடப்போம். அப்புறம் அத்தான் முன்னால நிக்கட்டும். ரெண்டும் செஞ்ச மாதிரி ஆச்சு."

அந்த யோசனை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பத்து அடிக்கு ஒரு தடவை பலவேசம் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மற்றவர்கள் அவர் நிற்பதை மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

எல்லையைத் தாண்டினால் நெல் வயல். அன்று காலைதான் சேறு பூசி மெழுகிய வரப்பு. நடுவயலில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் இவர்களைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"ஏ அண்ணாச்சி, புது வரப்பு. ஈரம் காயல. காலை வச்சிராதிய. சுத்திப் போங்க."

சுற்றிப் போகச் சொன்னதை அவர்கள் கவனிக்கவில்லை. காலை வைக்கக் கூடாது என்ற முதல் உத்தரவே அவர்களுக்குப் பெரும் பொறுப்பாக இருந்தது.

"காலை வைக்கக் கூடாதுன்னா வேற எதை வைக்கலாம்?" என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

"கையை வைக்கலாம்னா, கை கோத்திருக்கு," என்றார் பலவேசம்.

"தலையை வச்சா?"

"முன்னால போக முடியாது."

கொம்பையா நெடுநேரம் வரப்பைப் பார்த்தார். பிறகு அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டார். மற்றவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்து, கால்களைத் தூக்கி, கைகளைப் பிடித்தபடி, பின்பக்கத்தால் இழைந்து இழைந்து நகர்ந்தார்கள். தட்டு பலவேசத்தின் மடியில் இருந்தது. வெளுத்துக் கஞ்சி போட்ட ஐந்து வேட்டிகளும் வரப்பிலிருந்த சேற்றையெல்லாம் ஒன்று விடாமல் வழித்து எடுத்துக்கொண்டன.

வரப்பின் மறுமுனையில் ஐயம்பெருமாள் திரும்பிப் பார்த்து, "பாருங்கம்மா, ஒரு கால் தடமாவது இருக்கா?" என்றார்.

அந்தப் பெண் பார்த்தாள். கால் தடம் இல்லைதான். வரப்பும் இல்லை.

"நல்லா இருப்பிய," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த வாழ்த்தைப் பலவேசம் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

வயலுக்கு அப்பால் வழி மூன்றாகப் பிரிந்தது. கொம்பையா கையைத் திருப்பி மணி பார்த்தார். ஒன்பதே முக்கால்.

"வாட்ச் ஓடுதா?" என்றார் ஐயம்பெருமாள்.

"ஓடுது."

"நாம நடக்கோம், அது ஓடுது. அதுக்கு முன்னால நாம எப்படிப் போய்ச் சேருவோம்?"

பலவேசம் மச்சானைப் பார்த்தார். கொம்பையா அந்தக் கடிகாரத்தை உற்றுப் பார்த்தார். அது முந்திக்கொண்டு ஓடிவிடாதபடி வாரை ஒரு துளை இறுக்கினார்.

அங்கே வாய்க்கால் கரையில் ஒருவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். பனையடிக்குளத்துக்கு வழி கேட்டார்கள். அவர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார்.

"இந்த வாய்க்காலைப் பிடிச்சிக்கிட்டே போங்க. ஒரு மடை வரும். மடைகிட்ட மேல ஏறுனா ஆலமரம் வரும். அப்புறம் ஊருதான்."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போன பிறகு ஐவரும் வாய்க்காலைச் சுற்றி நின்று ஆலோசித்தார்கள்.

"வாய்க்காலைப் பிடிக்கணும்னா எதைப் பிடிக்க?" என்றார் ஐயம்பெருமாள். "தண்ணியப் பிடிச்சா நழுவும்."

"கரையைப் பிடிக்கலாம்," என்றார் பலவேசம்.

"அவரு கரைன்னு சொல்லலியே. வாய்க்கால்னுதான சொன்னாரு?"

"சரிதான்."

"அதான் சரி."

பலவேசத்துக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்தது. "தண்ணியில கைய வச்சா கை நனையும். பேச்சு முடியுத வரைக்கும் கை நனைக்கக் கூடாதுன்னு உலகம்மா சொல்லி அனுப்பிருக்கா."

 உலகம்மாள் இவ்வளவு தூரத்தை முன்கூட்டியே பார்த்திருக்கிறாளே என்று கொம்பையாவுக்கு அக்காளை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையிலேயே அவருக்கு மூளை வேலை செய்தது.

"பிடிக்கணும்னுதான் சொன்னாரு. கையாலதான் பிடிக்கணும்னு சொன்னாரா? காலால பிடிப்போம்."

இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர். கால் விரல்களால் வாய்க்காலின் தரையைக் கவ்விப் பிடித்தபடி, ஒன்றோடொன்று கோத்த கைகள் நனையாமல் இருக்கத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, நீரோட்டத்தோடு நடந்தார்கள். தட்டு பலவேசத்தின் தலையில் இருந்தது. வேட்டியில் இருந்த சேறு முழுக்கக் கரைந்து போயிற்று. அந்தப் பயணத்தில் யாரும் சொல்லாமலே நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

வழியில் ஒரு படித்துறை. இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வளைவைத் தாண்டி ஐந்து ஆண்கள், கைகளை உயர்த்தி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், இடுப்புத் தண்ணீரில் வந்துகொண்டிருந்தார்கள்.

"யாருக்கா இவங்க? எங்கயாவது திருடி மாட்டிக்கிட்டவங்களா?"

"தலையில தாம்பூலம் இருக்குல்லா. நேர்த்திக்கடனா இருக்கும். கும்பிட்டுக்க."

இருவரும் துணியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். பதிலுக்குக் கும்பிட முடியாமல் போனதில் பலவேசத்துக்கு வருத்தம். ஐந்து பேரின் கைகளும் ஏற்கெனவே மேலேதான் இருந்தன.

மடை வந்தது. மேலே ஏறினார்கள். ஏறினால் ஆலமரம் வரும் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தார். சுற்றிலும் பார்த்தார்கள். ஆலமரம் வரவில்லை. நூறடி தூரத்தில் ஓர் ஆலமரம் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அது நின்றுகொண்டுதான் இருந்தது, வந்துகொண்டிருக்கவில்லை. ஆகவே அது வேறு மரம் என்று முடிவு செய்து, ஐவரும் புல்லில் உட்கார்ந்தார்கள்.

கால் மணி நேரம் ஆயிற்று.

"பெரிய மரமா இருக்கும்," என்றார் கொம்பையா. "விழுதையெல்லாம் கூட்டிக்கிட்டு வரணுமே. மெதுவாத்தான் வரும்."

அரை மணி நேரம் ஆயிற்று. பலவேசம் மச்சானின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று பத்து. நூல் இல்லாத ஊசியை மகள் மிதித்துக்கொண்டிருந்தது அவர் கண்ணுக்குள் வந்தது. இத்தனை வருஷமும் யார் சொன்னதையும் அவர் மீறியதில்லை. இப்போது ஒரு மரத்துக்காகக் காத்திருந்து பெண்ணின் கல்யாணத்தைக் கோட்டைவிடப் போகிறோமா என்று நினைத்தார்.

"மரம் வராட்டி என்னய்யா செய்யுதது?" என்றார்.

"வரும்னு சொன்னவரு பொய் சொல்லுத ஆளா தெரியலியே," என்றார் ஐயம்பெருமாள். எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவர் அதை மட்டும் சந்தேகப்படவில்லை.

அப்போது தளவாய் கையை நீட்டினார். வண்டிப்பாதையில் ஒரு பெரிய பச்சைக் குவியல், ஆலங்கொப்பும் இலையுமாக, கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டபடி இவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஐவரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். பலவேசத்தின் கண் கலங்கிவிட்டது.

"நேரம் ஆனாலும் சொன்ன சொல்லுக்கு வந்துட்டுது," என்றார்.

குவியல் கிட்ட வந்து நின்றது. ஆட்டுக்குக் குழை வெட்டிச் சைக்கிளில் கட்டி உருட்டிவந்த ஓர் ஆள் இலைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். மரத்துக்குள் ஆள் இருப்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க நேரம் இல்லை.

"பனையடிக்குளம் வண்ணமுத்து வீட்டுக்குப் போகணும்," என்றார் பலவேசம்.

"இந்தா தெரியுதுல்லா, அதான் ஊரு. இனி நீங்க கண்ண மூடிக்கிட்டுப் போகலாம். நேரா போனா தெரு போயி முட்டுத வீடுதான் வண்ணமுத்து வீடு."

ஐவரும் நன்றி சொன்னார்கள். கைகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கண்களை இறுக்கி மூடிக்கொண்டார்கள். நடந்தார்கள்.

சிறிது தூரம் போனதும் பலவேசம் எதிலோ முட்டினார். அவர்மேல் கொம்பையா முட்டினார், அப்படியே கடைசி வரைக்கும் முட்டினார்கள்.

"வந்தாச்சா?" என்றார் ஐயம்பெருமாள்.

பலவேசம் தோளால் தடவிப் பார்த்தார். "வெதுவெதுன்னு இருக்கு. மயிர் இருக்கு."

"கூரை வேய்ஞ்ச வீடா இருக்கும்."

"மூச்சு விடுதுவே."

"வீடு மூச்சு விடுமா?"

"பெரிய இடம். விட்டாலும் விடும்."

அந்த வீடு தலையைத் திருப்பி, பலவேசத்தின் தட்டிலிருந்து வெற்றிலையையும் வாழைப்பழத்தையும் நிதானமாகத் தின்றுவிட்டு, தன் வாலால் ஐவரையும் ஒரு வீசு வீசிவிட்டு நகர்ந்தது.

"வீடு நகர்ந்துட்டுது," என்றார் பலவேசம்.

"அப்ப இது இல்ல," என்று கொம்பையா தீர்ப்புச் சொன்னார்.

இரண்டாவதாக ஒரு வைக்கோல் படப்பில் முட்டினார்கள். அதில் நுழைந்து, வாசலைத் தேடி, மறுபக்கம் வெளியே வந்தார்கள். மூன்றாவதாகப் பலவேசத்தின் நெற்றி சரியான சுவரில் மோதியது. வலித்த வலியில் கல்லும் காரையும் கொண்டு கட்டிய நல்ல வீடு என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்தார். தலையில் வைக்கோலும் நெற்றியில் வீக்கமுமாக ஐந்து பேர், ஒரு வீட்டு வாசல் சுவரை ஒட்டி நின்றார்கள்.

வாசலில் ஒரு நாற்காலியில் வண்ணமுத்து உட்கார்ந்திருந்தார். நல்ல பருமன், சந்தனப் பொட்டு. அவர் இவர்களையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எப்ப இருந்து இங்க இருக்கிய?" என்று கேட்டார் பலவேசம்.

"காலையில இருந்து இருக்கேன். நீங்க கண்ண மூடுனதுல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். எருமையில முட்டுனதும் பார்த்தேன். அது எங்க எருமைதான்."

"ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமே?"

"சம்பந்தி வாராங்களான்னு பார்த்துக்கிட்டே இருங்கன்னு எங்க வீட்டுல சொல்லிட்டுப் போனா. கூப்பிடச் சொல்லல."

பலவேசம் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எந்தச் சம்பந்தி வீட்டிலும் அவருக்கு இப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. சொந்த ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

வண்ணமுத்துவின் மனைவி அரசம்மாள் உள்ளேயிருந்து தங்கள் தட்டைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தாள். வேம்புராஜ் ஒரு தூண் ஓரமாக நின்றான். ஐந்து பேரின் ஈர வேட்டியையும் வைக்கோலையும் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. சொந்த அப்பாவோடு முப்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தவன், கேட்டு என்ன ஆகப்போகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

பலவேசம் கொம்பையாவின் கையை விட்டார். காலையிலிருந்து பிடித்திருந்ததில் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. தட்டை நீட்டினார். அதில் ஒரு தேங்காய் மட்டும் இருந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் ஐயம்பெருமாள். "மாத்த வேண்டியது தட்டையா, தட்டுல இருக்கிறதையா?"

"தட்டு மாறணும்னுதான் ஜோசியர் சொன்னாரு."

"அப்ப உள்ள இருக்கிறது மாறக் கூடாதே."

வண்ணமுத்துவும் அதை ஆமோதித்தார். எனவே முதலில் இந்தத் தட்டில் இருந்த தேங்காயைத் தரையில் இறக்கினார்கள். அந்தத் தட்டில் இருந்த பட்டுச்சேலை, பூ, பழம், மஞ்சள் எல்லாவற்றையும் இன்னொரு பக்கம் இறக்கினார்கள். வெறும் தட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். பிறகு அவரவர் சாமானை அவரவரே எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டார்கள். பட்டுச்சேலை மாப்பிள்ளை வீட்டிலேயே தங்கியது. தேங்காய் பலவேசத்திடமே திரும்பி வந்தது. கொம்பையாவின் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஆக அரை நிமிடம் இருந்தது.

காரியம் நடந்துவிட்டது. பலவேசம் அந்தத் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் துண்டால் கண்ணைத் துடைத்தார். பொன்மாரிக்குக் கல்யாணம்.

"இனி கை நனைக்கலாமே," என்றார் வண்ணமுத்து மலர்ச்சியாக. ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ஐவரும் முறையாகக் கையை நனைத்துத் துடைத்துக்கொண்டு, ரொம்பத் திருப்தி என்றார்கள். உள்ளே ஐந்து இலை போட்டுக் காத்திருந்த அரசம்மாள் வந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு அவர்களை அழைத்துப் போனாள்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது வண்ணமுத்து சம்பந்தியின் தோளைத் தொட்டார்.

"இனிமே கூச்சம் எதுவும் வேண்டாம். இதை உங்க வீடா நினைச்சுக்கிடுங்க."

பலவேசம் கண்ணை மூடிச் சிறிது நேரம் முயன்றார். "நினைச்சுட்டேன்," என்றார்.

நினைத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? எழுந்து கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். எருமைக்குத் தண்ணீர் காட்டச் சொன்னார். பிறகுதான் வண்ணமுத்து நின்றுகொண்டிருப்பது கண்ணில் பட்டது.

"வந்தவங்க நிக்கியளே. உக்காருங்க. காபி சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

வண்ணமுத்து யோசித்தார். அவர் வாயால்தான் சொன்னார். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. அடுத்தவர் வீட்டில் இவ்வளவு நேரம் சட்டை போடாமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"இல்ல சம்பந்தி, நேரமாச்சு. நாங்க கிளம்புதோம்," என்று சட்டையை மாட்டினார். வாசல் வரை போய்த் திரும்பினார். "ஆனா எங்க போகன்னுதான் தெரியல."

பலவேசம் மனம் இளகினார். "ஏறாங்குளத்துல ஒரு வீடு கிடக்கு. இது எங்க வீடுன்னா அது எங்களுக்கு எதுக்கு? அதை நீங்க உங்க வீடா நினைச்சுக்கிடுங்க."

"சரிதான்," என்றார் தளவாய்.

அரசம்மாள் ஏதோ சொல்ல வந்தாள். மகன் அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணைக் காட்டினான்.  எல்லோருக்கும் முன்னால் பையை எடுத்து வைத்தவனும், ஓடிப்போய் பஸ்ஸை நிறுத்தினவனும் அவன்தான்.

மூன்று மணிக்கு உலகம்மாள் கதவைத் திறந்தபோது வாசலில் சம்பந்தி வீட்டார் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். வண்ணமுத்து அவளைப் பார்த்துக் கைகூப்பி, "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார். உள்ளே தையல் மெஷின் நின்றது. பிறகு, இந்தத் தடவை ஊசியில் நூல் கோத்து, மறுபடி ஓட ஆரம்பித்தது.

அடுத்த மூன்று நாளும் உலகம்மாளின் கணவரும் கூடப் போன நாலு பேரும் பனையடிக்குளத்திலேயே இருந்தார்கள். கூட்டிக்கொண்டு போகத்தான் சொன்னாளே தவிர, கூட்டிக்கொண்டு வரச் சொல்லவில்லை என்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

வண்ணமுத்து முறை தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி விருந்து வைக்கத் தீர்மானித்து, பலவேசத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பினார். "ஏறாங்குளத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தாங்கள் தங்கள் குடும்பத்துடன் தவறாமல் வரவேண்டும்."

கடிதத்தைப் படித்துவிட்டுப் பலவேசம் கொம்பையாவிடம் நீட்டினார்.

"குடும்பத்தோட வரச் சொல்லிருக்காரு. என் குடும்பம் அங்கல்லா இருக்கு?"

"தனியா போனா மரியாதையா இருக்காது அத்தான்," என்றார் கொம்பையா. "முதல்ல அக்காளையும் பிள்ளையையும் இங்க வரச் சொல்லுங்க. அப்புறம் எல்லாரும் சேர்ந்து போவோம்."

"அதான் சரி," என்றார் சின்னத் தளவாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை பலவேசத்தின் செய்தி வந்தபோது உலகம்மாள் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கணவருக்கு விளங்கவைப்பதைவிட, அவர் சொல்வதைச் செய்துவிட்டுத் திரும்புவது சீக்கிரம் முடியும். அம்மியை அப்படியே போட்டுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். இருபது நிமிடத்தில் பனையடிக்குளம். பலவேசம் வாசலுக்கு வந்து வரவேற்றார். காபி கொடுத்தார். அதே பஸ் திரும்பும்போது எல்லோரும் அதிலேயே ஏறினார்கள்.

உலகம்மாளுக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். "எங்கம்மா, வீட்டுக்கா?" என்று பேச்சுக் கொடுத்தாள்.

"ஆமா," என்றாள் உலகம்மாள். "வீட்டுக்குத்தான்."

முன் சீட்டிலிருந்து பலவேசம் திரும்பினார். "வீட்டுல இருந்துதான் வாரோம். இப்பப் போறது சம்பந்தி வீட்டுக்கு," என்று அந்த அம்மாளுக்குத் திருத்திச் சொன்னார். பிறகு மனைவியின் பக்கம் நன்றாகக் குனிந்து, யார் காதிலும் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அங்க போயி அடுப்படிக்குள்ள உரிமையா நுழைஞ்சு அதை இதை எடுத்துராத. அடுத்தவங்க வீடு."